பத்து சென்டிமீட்டர் குறைச்சல்

ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிற கண்ணாடிக்காரரின் அளவு டேப்புக்கு முனை கிடையாது. முனையில் இருந்த தகரக் கொக்கி எந்தக் காலத்திலோ தேய்ந்து, ஆடி, ஒரு நாள் கழன்றே போனது. புது டேப் வாங்கினால் ஆயிற்று என்று நீங்களும் நானும் சொல்வோம். அவர் வாங்கவில்லை. "புது டேப்போட முனையும் ஒரு மாசத்துல ஆடத்தான் போகுது" என்பார். பூஜ்யத்தை விட்டுவிட்டு, பத்தாவது சென்டிமீட்டர் கோட்டை ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் வைத்து அளப்பார். அப்படி அளந்தால் வருகிற எண்ணிலிருந்து பத்தைக் கழிக்க வேண்டும். அந்தக் கழித்தல் அவர் வேலை இல்லை. ஏணி மேலிருந்து "எழுபத்திரண்டு" என்று சத்தம் போடுவார். கீழே நிற்கும் அவர் மனைவி பிறகு கடையில் கண்ணாடியை அறுபத்திரண்டுக்கு வெட்டுவாள். இருபத்திரண்டு வருஷமாக இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

தெருவில் அவளுக்குக் கணக்கம்மா என்று பேர். தாளும் பென்சிலும் எடுத்து அவள் கணக்குப் போட்டு யாரும் பார்த்ததில்லை. முன்பக்கம் கடை, பின்பக்கம் இரண்டு அறை, அதுதான் வீடு. கடை நடுவில் பழைய கம்பளி விரித்த ஒரு பெரிய மேஜை. அதன்மேல் கண்ணாடியைக் கிடத்தி, கட்டரை மண்ணெண்ணெயில் நனைத்து, ஸ்கேல் ஓரமாக ஒரே இழுப்பு. அதே கோட்டில் இரண்டாவது தடவை கட்டர் போகக் கூடாது. போனால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். கோட்டை மேஜை விளிம்புக்குக் கொண்டுவந்து இரண்டு கையாலும் ஓர் அமுக்கு. 'டக்.' காலையில் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் தன் கடையையே திறப்பார். அவர் அப்படி ஒரு சோம்பேறி, அல்லது அவள் அப்படி ஒரு சுறுசுறுப்பு, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் குளிக்கும்போது அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. பட்டாணி அளவுதான். இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். "அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரிசல்ட். நேர்ல வாங்க" என்றார் டாக்டரம்மா. அன்றைக்குப் புதன்கிழமை. நடுவில் எட்டு நாள்.

பஸ் பிடித்து வீடு வந்து சேரும்வரை கண்ணாடிக்காரர் அந்த ஒரு வார்த்தையையே மென்றுகொண்டு வந்தார்.

"நல்லதா இருந்தா போன்லயே சொல்லிடலாமே. எதுக்கு நேர்ல வரச் சொல்றாங்க?"

"எல்லாரையும்தான் வரச் சொல்றாங்க."

"உன்னைப் பாத்துச் சொன்னாங்க."

"என்கிட்டப் பேசும்போது என்னைப் பாக்காம, செவுத்தையா பாப்பாங்க?"

"அந்த நர்ஸ் நம்மளைப் பாத்துச் சிரிச்சா. கவனிச்சியா? பாவம்னு நெனச்சாத்தான் அப்படிச் சிரிப்பாங்க."

"அவ சிரிக்காம இருந்திருந்தா, விஷயம் மோசம், அதான் சிரிக்கலேன்னு சொல்லியிருப்பீங்க. டிக்கெட் எடுங்க."

அவர் எடுத்த டிக்கெட்டில் ஒன்று குறைந்தது. ஒரு ஆளுக்கு மட்டும் எடுத்திருந்தார். கண்டக்டர் திட்டினார். கணக்கம்மா அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வாரம்தான் ஆலங்கட்டி மழை அடித்து, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு ஜன்னல் கண்ணாடி நொறுங்கியிருந்தது. அட்டையை ஒட்டி வைத்திருந்தார்கள். வானம் இன்னும் தெளியவில்லை. அடுத்த மழைக்குள் கண்ணாடி போட்டாக வேண்டும் என்று பெரிய டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த நேரத்தில் இது வேண்டாம் என்றார் கண்ணாடிக்காரர். இந்த நேரத்தில் இதுதான் வேண்டும் என்றாள் கணக்கம்மா. ஒத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் கணக்கம்மாவின் தங்கை இரண்டு பையோடு வந்து இறங்கினாள். யார் தகவல் சொன்னது என்று கேட்கத் தேவையில்லை. கண்ணாடிக்காரர் கடை வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை நல்லவள். அவளை மாதிரி ஓடி வர யாருக்கு மனசு வரும்? ஆனால் வந்த அன்றைக்கே வீட்டை ஆஸ்பத்திரியாக்கிவிட்டாள். அக்கா படுக்க வேண்டும், அக்கா கடைப்பக்கம் வரக் கூடாது, அக்காவுக்குக் காய்கறி சூப். அந்த சூப்பில் உப்பும் கிடையாது, மிளகும் கிடையாது.

"இது என்னடி, பாத்திரம் கழுவின தண்ணியா?"

"உடம்புக்கு நல்லதுக்கா. உப்பு ஆகாதாம்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா குறைச்சேன். எதுக்கு வம்புன்னு."

"எனக்கு இன்னும் ஒரு நோயும் இல்லடி. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இருந்தாலும் இருக்கலாம். அதுவரைக்கும் உப்புப் போடு."

தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படிக்கா இப்படிப் பேச முடியுது உன்னால? எனக்கு வயித்தைக் கலக்குது."

"எனக்கும்தான் கலக்குது. அதுக்காக இந்தத் தண்ணியை ஊத்தி இன்னும் கலக்கணுமா?"

பிறகு கணக்கம்மாவே எழுந்து போய் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, வெங்காயம் போட்டு வதக்கி, ரொட்டியில் வைத்து மூன்று பேருக்கும் கொடுத்தாள். கண்ணாடிக்காரர் ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டார். அவர் இரண்டு நாளாகவே சரியாகச் சாப்பிடவில்லை. இரவில் அவள் மூச்சு விடுகிறாளா என்று காதை வைத்துக் கேட்டார் என்று பிற்பாடு பூட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவள் விட்டது குறட்டை. அதுவும் அவருக்குத் தைரியம் தரவில்லை.

வெள்ளிக்கிழமை அளவெடுக்கப் போக வேண்டும். எப்போதும் இரண்டு பேரும் போவார்கள்.

"நீ வேணாம். நான் மட்டும் போயிட்டு வந்துடறேன்" என்றார்.

"இருபத்தாறு ஜன்னல். ஏணியைப் பிடிக்க ஆள்?"

"பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் இருக்கான். நீ ரெஸ்ட் எடு."

"ரெஸ்ட் எடுத்து எதை வளக்கப் போறேன்?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. "சரி, போயிட்டு வாங்க" என்றுவிட்டாள்.

சாயங்காலம் அவர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை நம்பர். பழைய கட்டடம், ஜன்னல் சட்டம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. கணக்கம்மா படித்துப் பார்த்தாள். அறுபத்திரண்டுக்கு எண்பத்துநாலு. அறுபத்தொன்றுக்கு எண்பத்துமூன்று. சின்னப் பிள்ளைகள் படிக்கிற இடம், ஜன்னலும் சின்னதாகத்தான் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். திங்களும் செவ்வாயும் நின்ற இடத்தில் நின்று இருபத்தாறையும் வெட்டி முடித்தாள். கட்டர் கையில் இருக்கும்வரை அவளுக்கு வேறு நினைப்பு வரவில்லை. அதைக் கீழே வைத்ததும் இடது கை தானாக மார்புப் பக்கம் போனது. போகாதே என்று சொன்னால் கேட்கிற கையா அது? அதனால்தான் இரண்டு நாளும் அவள் கட்டரைக் கீழே வைக்காமல் வேலை செய்தாள். தங்கைக்கு அது புரியவில்லை. "அக்காவுக்கு இரும்பு மனசு" என்று போனில் யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்காரர் அந்த இரண்டு நாளும் கடையில் நிற்கவே இல்லை. கண்ணாடி ஓரத்தில் பூச மக்கு வாங்கப் போனேன், ஆணி வாங்கப் போனேன் என்றார். எந்தக் கடையில் அவ்வளவு நேரம் ஆணி எண்ணிக் கொடுத்தார்களோ. புதன்கிழமை கண்ணாடிகளைப் பேப்பரில் சுற்றி, நிறுத்திவைக்கும் மரச்சட்டத்தில் அடுக்கினார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. பூட்டுக்காரரின் வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். கணக்கம்மா இந்த முறை யாரையும் கேட்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் வேறு வகுப்பில் கத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். காலி வகுப்பில் முழங்கால் உயரத்துக்குக் குட்டி நாற்காலிகள். காற்று அட்டைகளைப் படபடவென்று அடித்தது.

கண்ணாடிக்காரர் ஏணியில் ஏறி முதல் அட்டையைப் பிய்த்து, பழைய மக்கைச் சுரண்டி எடுத்தார். அவள் ஒன்று என்று எழுதிய கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிச் சட்டத்தில் வைத்தார். கண்ணாடி உட்காரவில்லை. சட்டத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போகப் பார்த்தது. பக்கவாட்டில் ஒரு கை நுழைகிற அளவுக்குச் சந்து.

"நம்பர் மாறிப்போச்சு போல" என்றாள். இரண்டைக் கொடுத்தாள். அதுவும் அப்படியே. மூன்று. நான்காவதை அவர் கையில் வாங்கும்போதே, "போதும், டேப்பைக் கொடுங்க" என்றாள்.

குட்டி நாற்காலி ஒன்றில் ஏறி நின்று அவளே அளந்தாள். பத்தாவது கோட்டை ஓரத்தில் வைத்தாள். எழுபத்திரண்டு வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தாள். அறுபத்திரண்டு. அவள் அதிலும் பத்தைக் கழித்து ஐம்பத்திரண்டு வெட்டியிருந்தாள். இருபத்தாறும் அப்படி.

"நீங்களே கழிச்சுட்டீங்களா?"

அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு மேலேயே நின்றார்.

"கழிச்சேன்."

"ஏன் கழிச்சீங்க?"

"உனக்குச் சிரமம் வேணாமேன்னு."

"இருபத்திரண்டு வருஷமா இல்லாத சிரமமா? பத்தைக் கழிக்கறதா எனக்குச் சிரமம்?"

"இல்ல... சொல்ல மறந்துட்டேன்."

"சொல்லாததைக் கேக்கல. ஏன் கழிச்சீங்கன்னு கேக்கறேன். முதல்ல அந்தக் கண்ணாடியைக் கீழ கொடுங்க, நீங்க இருக்கற இருப்புக்குக் கையை அறுத்துக்குவீங்க."

கொடுத்தார். இறங்கினார். பெரிய ஆள் அவர். உட்கார வேறு இடமில்லாமல் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் முகவாய்க்கு வந்தது. வேறொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"நிஜத்தைச் சொல்லுங்க."

"பாத்தேன்" என்றார். "நீ இல்லாம... நான் மட்டும் செய்ய முடியுதான்னு பாத்தேன்."

அட்டை ஒன்று காற்றில் பிய்ந்து உள்ளே விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள் கணக்கம்மா.

அவர் சுவரோரம் அடுக்கியிருந்த இருபத்தாறையும் பார்த்தார். "இல்ல."

அவள் அழவில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பஸ்ஸுல ஒரு டிக்கெட் எடுத்தீங்க. மறதின்னு நெனச்சேன். இப்பத்தான் புரியுது. எனக்கு ரிசல்ட் நாளைக்குத்தான். உங்களுக்கு அன்னிக்கே வந்துடுச்சு, இல்ல? என்னைப் போக விட்டு, அழுது முடிச்சு, அதுக்கப்புறம் பொழைக்கறதுக்குத் தொழிலும் பழகிட்டு வந்துட்டீங்க. நான் இங்கதான் நிக்கறேன். பாருங்க. நிக்கறேனா இல்லையா?"

"நிக்கற."

"டாக்டரம்மா நாளைக்கு என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. அது என் கையில இல்ல. ஆனா இந்த எட்டு நாளை நான் எப்படி ஓட்டறேங்கறது என் கையில இருக்கு. எனக்குன்னு இருக்கறது இப்ப அது ஒண்ணுதான். சூப்புல இருந்து உப்பை அவ எடுத்தா. நீங்க கழித்தலை எடுத்துட்டீங்க. எல்லாத்தையும் எடுத்துட்டா நான் என்ன பண்றது, படுத்துக்கிட்டு மேல ஓடற ஃபேனைப் பாக்கவா?"

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது.

"உனக்குச் சுலபம். ஆமா, உனக்குச் சுலபம்தான். கட்டி உனக்கு வந்துச்சு, தைரியமும் உனக்கே வந்துச்சு. பக்கத்துல நின்னு பாக்கறவனுக்கு அது எங்கிருந்து வரும்? கடைவாசல்ல நின்னா உன் 'டக்' சத்தம் கேக்குது. ஒவ்வொரு தடவையும், இது இல்லாத நாள் எப்படி இருக்கும்னு தோணுது. நான் வேணும்னா நெனைக்கறேன்? தானா வருது. அதான் ஆணி வாங்கப் போறேன்னு சொல்லிட்டு ரயில் கேட்டுல போய் உக்காந்திருந்தேன், ரெண்டு நாளும்."

அவள் அந்தக் குட்டி நாற்காலியையும் அதில் மடங்கி உட்கார்ந்திருந்த மனுஷனையும் பார்த்தாள்.

"தைரியம் வராது போல" என்றாள், குரல் இறங்கி. "வராட்டியும் பக்கத்துல நில்லுங்க. ரயில் கேட்டுக்குப் போகாதீங்க."

பெரிய டீச்சர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், ஆச்சா? வானம் பயமுறுத்துதே?"

"அளவு தப்பாயிடுச்சு டீச்சர். எங்க தப்புதான்" என்றாள் கணக்கம்மா. "சாரல் அடிக்கற பக்கம் ஆறு ஜன்னல் இருக்கு. அதை இன்னிக்கே போட்டுடறோம். மிச்சத்தை அடுத்த வாரம் வந்து போடறோம்."

அடுத்த வாரம் என்று அவள் சொன்னதைக் கண்ணாடிக்காரர் தலை நிமிர்ந்து கேட்டார்.

ஆறு சட்டத்தையும் மறுபடி அளந்தார்கள். அவள் கடைக்குப் போய்ப் புதுசாக ஆறு வெட்டினாள். பூட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டே வண்டியைத் திருப்பி, கடைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக ஓட்டினார். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து ஒரே பத்தைக் கழிச்சு நான் இப்பத்தான் பாக்கறேன்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்கு மீதிக் கதை தெரியாது. மழை வந்தபோது ஆறு ஜன்னலுக்கும் கண்ணாடி இருந்தது. மக்கு இன்னும் காயவில்லை, ஆனால் தண்ணீர் உள்ளே வரவில்லை. அன்று வீட்டில் உருளைக்கிழங்கு வேகவைத்து வெண்ணெய் போட்டுச் சாப்பிட்டார்கள். தங்கை உப்புச் சாடியைத் தானே கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி என்றால் பன்னிரண்டே கால் ஆகும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். அந்த ஒண்ணேகால் மணி நேரமும் கண்ணாடிக்காரர் பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று முறை எழுந்தார், மூன்று முறையும் மறுபடி உட்கார்ந்தார். அவருக்கு வேர்த்து ஊற்றியது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "இது புற்றுநோய்தாம்மா. சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க, அது நல்லது. ஆபரேஷன் பண்ணணும். அப்புறம் மருந்து, ஆறேழு மாசம் ஆகும். மேல எப்படிப் போகும்னு ஆபரேஷனுக்கு அப்புறம்தான் சரியாச் சொல்ல முடியும். வர்ற செவ்வாய்க்கிழமை அட்மிட் ஆகணும். ஏதாவது கேக்கணுமா?"

"மார்பை எடுத்துடுவீங்களா?"

"எடுக்க வேண்டியிருக்கும்."

"கை?"

"இடது கையில கொஞ்ச நாளைக்குக் கனம் தூக்கக் கூடாது. மத்தபடி கை நல்லாயிடும்."

"திங்கக்கிழமை வரைக்கும் வேலை செய்யலாமா?"

டாக்டரம்மா முதல் முறையாக அவளை நன்றாகப் பார்த்தார். "முடிஞ்சா செய்யுங்க" என்றார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் கண்ணாடிக்காரர் சுவரில் சாய்ந்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் சத்தம் வந்தது. போகிறவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

கணக்கம்மா அவர் முதுகில் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்தாள். "இங்கயே அழுதுட்டு வாங்க. கால் மணி நேரம். நான் கீழ கேன்டீன்ல இருக்கேன்" என்றாள்.

கல்நெஞ்சக்காரி என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். அவளும் உட்கார்ந்து அழ ஆரம்பித்தால் அந்த வராந்தாவிலிருந்து யார் யாரைத் தூக்குவது?

அவர் வரும்போது முகம் கழுவியதில் சட்டைக் காலர் நனைந்திருந்தது. மேஜையில் இரண்டு டீ. அவருடைய டீ ஆறாமல் இருக்க மேலே சாஸரைக் கவிழ்த்து மூடியிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"இன்னிக்கு முடிஞ்சுது."

"நாளைக்கும் வரும்."

"வரும்."

"வந்தா தினமும் ஒரு கால் மணி நேரம் எடுத்துக்குங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். மிச்ச நேரத்துக்கு எனக்கு ஆள் வேணும்." அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். "நாளைக்கு, ஞாயித்துக்கிழமை, ரெண்டு நாள்ல நான் இருபதையும் வெட்டிடறேன். திங்கக்கிழமை போய் மாட்டறோம். தூக்கறதுக்குப் பூட்டுக்காரரைக் கூப்பிடுங்க, அவரு மத்தியானம் வரைக்கும் சும்மாத்தான் கொட்டாவி விட்டுட்டு இருப்பாரு. தங்கச்சியைத் திருப்பி அனுப்ப வேணாம், பாவம். ஆனா சமையலை அவகிட்ட விடக் கூடாது. செவ்வாய்க்கிழமை காலையில..."

செவ்வாய்க்கிழமையில் நின்றுவிட்டாள். எண்ணின விரலை மடக்கிக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள்.

ஒன்பது நாளில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அப்போதுதான். ஒண்ணும் ஆகாது என்று சொல்லக் கண்ணாடிக்காரருக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஓடிப்போய் ஒரு நர்ஸைக் கூட்டிவர வேண்டும்போலக் கால் பரபரத்தது. இரண்டையும் அவர் அடக்கினார். எப்படி அடக்கினார் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது, அவரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

"இருக்கும்" என்றார்.

"எனக்கும் ஒரு கால் மணி நேரம் வேணும்."

அவர் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கி அவளுக்கு நேர் எதிரே போட்டு, கேன்டீன் கூட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அகலமான முதுகு. அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாருக்கும் அவள் தெரியவில்லை. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவர் அவளைத் தொடவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவருடைய டீ மூடியபடியே ஆறிக்கொண்டிருந்தது.

மத்தியானக் கூட்டம். உட்கார இடம் இல்லாமல் கையில் தட்டோடு நின்ற ஒருவர் வந்து அவர் தோளைத் தட்டினார்.

"சார், கிளம்பிட்டீங்களா?"

"இல்லீங்க" என்றார் கண்ணாடிக்காரர், திரும்பாமல். "நாங்க இருக்கோம்."